செல்லம்மா அக்காவின் மைக்

செல்லம்மா அக்கா இன்று காலை போய்விட்டார்.

ஈப்போவில், மகள் வீட்டில். எழுபத்து மூன்று வயது. எங்கள் நாட்டுப்புறப் பாட்டுக் குழுவோடு பேராக் மாநிலம் முழுக்க வேனில் சுற்றிப் பாடியவர்.

ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டே பாடிப் பழகிய குரல். பத்து நிரை மரம் தள்ளி நிற்பவருக்கும் கேட்குமாம்.

என் முதல் மேடை கோலா கங்சாரில், ஒரு கோயில் திருவிழா. பாதிப் பாட்டில் வரி மறந்து நின்றேன். அக்கா என் இடுப்பைக் கிள்ளிவிட்டு, அந்த வரியைத் தன்னுடையது மாதிரியே எடுத்துப் பாடினார். யாருக்கும் தெரியவில்லை.

"பயப்படாத சாந்தி, நான் இருக்கேன்லா" என்றார்.

பின்னாளில் குழு என் கைக்கு வந்தது. அக்காவுக்கு அறுபத்தாறு வயதானபோது குரல் உடைய ஆரம்பித்தது. ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் கோயில் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த தடவ அந்த அக்கா வேணாம்மா."

அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சவுண்டு பார்க்கும் குமாரிடம் சொன்னேன்... அக்கா குரல் அவர் காலடியில் இருக்கும் ஸ்பீக்கரில் மட்டும் வரட்டும். வெளியே வேண்டாம்.

அவர் பாட, நான் பக்கத்தில் நின்று சேர்ந்து பாடுவேன். கூட்டத்துக்குக் கேட்டது என் குரல் மட்டும்.

மூன்று வருடம்.

ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கி வாய்ஸ் நல்லா வந்துச்சு, இல்ல?" என்பார். நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம்.

பிறகு கமுந்திங் ஊரில் ஒரு மண்டபம். குழு சார்பில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். நன்றி சொல்ல நின்றார். வேன் ஓட்டியவர், வயர் இழுத்தவர், டீ போட்டவர்... ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார். குமார் அவர் மைக்கை வெளி ஸ்பீக்கருக்குத் திறக்க மறந்துவிட்டான்.

"அக்கா, கேக்கல!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அக்கா சிரித்தார். "எனக்குக் கேக்குதே" என்று காலடி ஸ்பீக்கரைக் காட்டினார்.

காட்டிய கை அப்படியே நின்றது. குமாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குள் குமார் அவசரமாக மைக்கைத் திறந்துவிட்டான்.

"எத்தன வருசமாடி?"

அது மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மூணு, அக்கா" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அக்கா பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார்.

வேனில் ஈப்போ திரும்பினோம். அக்கா தன் வீட்டு கேட்டில் இறங்கி, மேடையில் விட்ட நன்றியைச் சொல்லி முடித்தார். டிரைவருக்கு, உறுமி அடிப்பவருக்கு, குமாருக்கும்கூட.

எனக்கு இல்லை. அதன்பிறகு அவர் வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. நாலு வருடம்... ஒரே ஊர்.

எனக்கு இப்போது அறுபத்தொன்று. போன மாதம் மேடையில் மூன்றாவது பாட்டிலேயே குரல் உடைந்தது. இறங்கியதும் குமார், "சூப்பர்க்கா" என்றான்.

இன்று போனேன். ஒப்பாரிக்கு உட்காரப் போனவளை அக்காவின் மகள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, நீங்க பாட வேணாம். அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"என்னம்மா சொன்னாங்க?"

"'சாந்தி வந்தா டீ குடுத்து அனுப்பிடு, பாட மட்டும் விடாத'ன்னாங்க."

டீ கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். வாசலில் போட்ட கூடாரத்துக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

நாளை காலை பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள். குழுவில் மற்றவர்கள் போய்ப் பாடுங்கள். நான் வரமாட்டேன்.

போய் வாங்க, அக்கா.