கால் வைத்த தண்ணீர்

தினமும் காலை ஏழு மணிக்கு நம் கண்மாய் வாட்ஸ்அப் குழுவில் வரும் வீடியோ அன்று வரவில்லை. ஏழரைக்கு ஈஸ்வரி அக்காவின் எண்ணிலிருந்து ஒரு வரி: "அம்மா நேத்து நெஞ்சுவலில தவறிட்டாங்க. மகன் எழுதுறேன்." நான்கு முறை படித்தேன். அதன்பிறகும் வீடியோ வரும் என்றுதான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கே தெரியும். வாடிப்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் தொடும் படியில் அக்கா கால் வைத்து நிற்பார். முகம் தெரியாது. மெட்டி போட்ட கால், பின்னால் குரல்: "இன்னைக்குச் செவ்வாக்கெழம. அஞ்சாம் படி." தண்ணீர் கீழிருந்து ஏழாம் படியைத் தொட்டால்தான் கடைசி வயல்வரை பாயும். வெள்ள வருடத்தில் அந்தக் கால் முழங்கால்வரை தண்ணீரில் நின்றது. மழை பொய்த்த வருடத்தில் வெடித்த களிமண்ணில் நின்றது. தொலைவில் அவனியாபுரத்தில் கடை வைத்திருந்தாலும் நான் லைக் போடாத நாளே இல்லை.

அந்த வறட்சியில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாள். லேசான மழை. கண்மாய் நிரம்பி வழியும் வீடியோ ஒன்று எனக்கு வந்தது. "நம்ம கண்மாய் நெறஞ்சிருச்சு!" என்று துள்ளிக் குதித்துக் குழுவில் போட்டுவிட்டேன். அது பழைய வெள்ளத்தில் எடுத்தது.

அக்கா போன் செய்தார். "ஏன்டா தம்பி, அவனியாபுரத்துல ஒக்காந்துக்கிட்டே எங்க கண்மாய நெறச்சுப்புட்டியே! ஒனக்கு மாலதான் போடணும்." சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "மூணு வீட்ல வெதநெல்ல ஊறப் போட்டுட்டாக. ஊறுன நெல்ல இனி என்ன செய்ய?"

"யார் யாருக்கா?"

"ஒண்ணு எங்க வீட்டுக்காரரு."

என்னை வெளியேற்றச் சொல்லிக் குழுவில் பலர் எழுதினீர்கள். நியாயம்தான். அக்கா பேசி அனுப்பியது இன்னும் என் போனில் இருக்கிறது: "தம்பி இருக்கட்டும். நெல்லக் கோழி திங்கட்டும். இனிமே கால் வைக்காத தண்ணிய யாரும் இங்க போடக்கூடாது."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், "கண்மாய் எப்படி இருக்கு?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். உடனே இரண்டு வீடியோக்கள் வந்து விழுந்தன. இரண்டிலும் தண்ணீர் மட்டும் இருந்தது.

நான் கடையைப் பூட்டிவிட்டு வண்டியைக் கண்மாய்க்கு விட்டேன். செருப்பைக் கழற்றிப் படியில் இறங்கி, தண்ணீரில் வைத்த காலுக்கு நேரே போனைப் பிடித்தேன். "இன்னைக்கு வியாழக்கெழம. எட்டாம் படி." அதை அப்படியே குழுவில் போட்டேன்.

நனைந்த காலோடு அங்கேயே உட்கார்ந்திருந்தபோது அக்கா வீட்டுக்காரரின் பதில் வந்தது.

"ஒன் காலப் பாத்தேன் தம்பி. நெல்ல ஊறப் போடுறேன்."