சீஸ் அறையில் இரண்டு நாள் இருந்த படம்

ஈரத்துணியும் பழுத்த சீஸும் கலந்த ஒரு வாசம்... சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் நான் வேலை செய்த ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் அது எப்போதும் இருக்கும். கதவைத் திறந்தால் முதலில் காதுதான் குளிரும்.

தொண்ணூற்று மூன்றின் தொடக்கம். நான் அங்கே குசினியில் பாத்திரம் கழுவினேன். ரயிலில் சரக்கு வந்தால் இறக்கி அடுக்குவதும் என் வேலை. அந்த வேலை நிலைத்தால்தான் மன்னாரில் இருந்த மனைவியைக் கூப்பிடலாம்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஏழு வயதில் கடலுக்குப் போனவன் நான். ரயில்காரர் நீட்டும் சிட்டையில் சின்னதாக ஒரு மீன் கீறிவிடுவேன். அதுதான் என் கையெழுத்து.

அந்த வாரம் ஏழு நாடுகளிலிருந்து சினிமா, கலாசார அதிகாரிகள் பத்துப் பேர் வந்து தங்கியிருந்தார்கள். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து படம் எடுப்பது பற்றிய கூட்டம். சுவிஸ் மக்கள் ஐரோப்பாவோடு பொருளாதாரத்தில் சேர வேண்டாம் என்று வாக்களித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இனி சுவிஸ் படங்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும் என்று குசினி வரைக்கும் பேச்சு.

ஊர்சினா அந்தப் பள்ளத்தாக்குப் பெண். தண்டவாளத்தில் பனி அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி ஐந்து வருடமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாடு ஏதாவது பங்கு சேர்ந்தால்தான் படம் முடியும். அதிகாரிகள் ஊர் திரும்புமுன் அதைப் பார்த்துவிட வேண்டும். இருந்ததோ ஒரே ஒரு பிரதி. சூரிச்சிலிருந்து அதை ரயிலில் முன்கூட்டியே அனுப்பியிருந்தாள்.

அவர்கள் புறப்படும் நாள், இரண்டு மணிக்குப் படம். ஒன்றரை மணிக்கு அவள் குசினிக்குள் ஓடி வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. படப்பெட்டிகளைக் காணவில்லை.

பின்னாலேயே வரவேற்பு மேசைப் பெண் ரயில் சிட்டையோடு வந்தாள். தலைமைச் சமையல்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஜெயம் எட்டிப் பார்த்தான்.

"அந்தோனியண்ணை... இது உங்கடை மீனெல்லோ?"

என் மீன்தான். தட்டையாக, வட்டமாக, கனமாக ஐந்து தகரப் பெட்டிகள்... வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு வெளிநாட்டுச் சீஸ் தகரத்தில்தான் வரும் போல என்று நினைத்திருந்தேன். சீஸ் அறையில், மேல் தட்டில், அழகாக அடுக்கி வைத்திருந்தேன். மற்றச் சீஸைப் போலவே இரண்டு நாளும் காலையில் புரட்டியும் வைத்தேன்!

"மேலே ஒட்டியிருக்கிறதே, நீ வாசிக்கவில்லையா?" என்று தலைமைச் சமையல்காரர் ஜெர்மனில் கத்தினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு நாற்பத்தைந்து வயது ஆகியிருந்தது.

ஜெயம் கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்ப உங்களுக்கு நான் எழுதி வைச்ச துண்டுகள்? தலையை ஆட்டி ஆட்டிப் பாத்தனீங்களே அண்ணை!"

பெட்டிகளை மண்டபத்துக்குத் தூக்கிப் போனோம். படம் ஓட்ட வந்த இத்தாலிக்காரர் ஒரு பெட்டியில் கை வைத்தார். உடனே கையை இழுத்தார். திறக்கக் கூடாது... சூடான அறையில் இப்போது திறந்தால் படச்சுருளில் தண்ணீர் கோக்கும், எல்லாம் போய்விடும் என்றார். மூன்று மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

அதிகாரிகளின் ரயில் நாலரைக்கு.

ஊர்சினா அவர்கள் முன்னால் போய் நின்று, இருந்து பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டாள். அவர்கள் தங்களுக்குள் நான்கு பாஷையில் வாதாடினார்கள். நான் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க வேர்த்தது... பெட்டிக்கும், எனக்கும். ஒரு பெட்டியில் ஒட்டியிருந்த கடதாசி நனைந்து கையோடு வந்துவிட்டது. பயத்தில் அதைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

நாலரைக்கு மணியடித்து ரயில் போனது. ஆறு பேர் அதில் போய்விட்டார்கள். நான்கு பேர் இருந்தார்கள்.

ஊர்சினா வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். திட்டவில்லை. ஒவ்வொரு பெட்டியாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஐந்து மணிக்கு இத்தாலிக்காரர் முதல் பெட்டியைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ட்ரொக்கன்" என்றார். ஈரமில்லை.

கடைசி வரிசையில் நின்று நானும் பார்த்தேன். வெள்ளைப் பனி, கறுப்பு மனிதர்கள். கீழே ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இரண்டு வரிசை எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் அதிகாரிகளில் தாடிக்காரர் ஒருவர் கைதட்டினார். அவருடைய நாடு பங்கு சேர்ந்ததாகக் கோடையில் கேள்விப்பட்டேன்.

தலைமைச் சமையல்காரர் வாசலில் நின்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"நாளைக்கு ஆறு மணி" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் மனைவி வந்து சேர்ந்தாள்.

இப்போது படங்கள் தகரத்தில் வருவதில்லை. பேரன் போனைத் தட்டினால் வந்து நிற்கிறது. தொலையவும் வழியில்லை, காத்திருக்கவும் தேவையில்லை. கன்னத்தை வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

நான் போன வருடம்தான் கோயில் வகுப்பில் சேர்ந்தேன். முதலில் தமிழ், பிறகு ஜெர்மன் எழுத்து. இதை எழுத எனக்கு ஆறு நாள் எடுத்தது... ஆறும் சந்தோஷமான நாட்கள்.

போன ஞாயிறு செபப் புத்தகத்துக்குள்ளிருந்து அந்தக் கடதாசியை எடுத்தேன்.

"முப்பது வருசமா உந்தத் துண்டை வைச்சு என்னத்தைக் கண்டனீங்கள்?" என்றாள் மனைவி.

"பொறு, வாசிக்கிறன்."

மேலே படத்தின் பெயர். அதன் கீழே, சின்ன எழுத்தில், ஒரே விஷயம் நான்கு மொழிகளில். ஜெர்மன் வரியில் விரலை வைத்தேன். முதல் சொல் கூல்... குளிர். குசினியில் தினமும் காதால் கேட்ட சொல். 'குளிரான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.'

சீஸ் அறை அளவுக்குக் குளிரும் ஈரமும் கூடாதுதான். ஆனாலும் குளிரில்தானே வைத்தேன்... அன்று அந்த மண்டபத்தில் நான்கு மொழியும் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் நின்றார்கள்! ஒருவரும் அதை வாசிக்கவில்லை.

நான் வாசித்துவிட்டேன்.