பதின்மூன்று டிகிரி அறை

என் தங்கை கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி பாத்தது தெளிவா?" என்று கேட்டே பிழைத்த மனிதர். பொய்க்கு இடமில்லாத தொழில். அதனாலோ என்னவோ, ஐம்பதைத் தாண்டியதும் பொய் சொல்வதற்கென்றே ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கொண்டார்.

ஒருமுறை சுற்றுலாவாக பிரான்ஸின் அல்சாஸ் பக்கம் போய் வந்தார். போகும்போது அவருக்குத் தெரிந்தது கறுப்புத் திராட்சை, பச்சைத் திராட்சை, அவ்வளவுதான். வந்தபோது ரீஸ்லிங், ஷார்டனே, பினோ நுவார் என்று ஒயின் திராட்சை வகைகளைச் சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோல் அடுக்கினார். வெயில் காய்ச்சும் ஊர்களில் திராட்சைக்குச் சீக்கிரம் சர்க்கரை ஏறிவிடும். குளிர்ப் பிரதேசத்துக் கொடிதான் நிதானமாகப் பழுத்து, புளிப்பைக் காப்பாற்றி வைக்கும். இதைக் கண் சோதிக்க வந்தவர்களிடமும் சொன்னார். அவர்கள் தாடையை ஸ்டாண்டில் வைத்தபடி கேட்டுக்கொண்டார்கள், பாவம். விஷயம் என்னவோ உண்மைதான். ஆனால் தானும் அந்தக் குளிரில் நிதானமாகப் பழுத்தவர் என்பதுபோல் ஒரு முகம் வைத்துக்கொள்வார் பாருங்கள், அதைத்தான் சகிக்க முடியாது. என் வீட்டுக்காரர் அவருக்குப் 'பழரசம்' என்று பேர் வைத்தார். குடும்பத்தில் அதுவே நிலைத்துவிட்டது.

அவர் வீட்டில் ஏசி இருந்தது ஒரே அறையில். அதை வாங்கிச் சேர்த்த ஒயின் பாட்டில்களுக்குக் கொடுத்துவிட்டார். மெக்கானிக்கைப் பிடித்து எதையோ மாற்றச் சொல்லி, பதின்மூன்று டிகிரியில் நிறுத்தினார். என் தங்கை கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே புரண்டாள்.

அந்தக் கோடையில் அவர்கள் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். மருமகனுக்கு வெளியூரில் வேலை. அவன் வரும்வரை இங்கே இருப்பதாக ஏற்பாடு. கூடத்துச் சூட்டில் குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு, ஓயாத அழுகை. திங்கட்கிழமை தன் வீட்டுக்கே போய்விடப் போவதாக மகள் சொன்னாள். அங்கே ஆளில்லாத வீட்டில் தனியாக எப்படிச் சமாளிப்பாள்? அந்த அறையைக் கொடுங்கள் என்று தங்கை கணவரிடம் கேட்டாள். தாராளமாகப் படுத்துக்கொள்ளட்டும், டெம்பரேச்சரில் மட்டும் கை வைக்கக் கூடாது என்றார் அவர். சொன்னதோடு நிற்காமல் குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லாவும் வாங்கி வந்தார்.

"பாட்டிலுக்குச் சூடு ஆகாதாம். பிள்ளைக்குக் குளிர் ஆகுமாம்," என்றாள் தங்கை என்னிடம். "நானும் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டேன்."

ஞாயிறு மாலை அவருடைய ஒயின் சங்கத்தார் வருவதாக இருந்தது. ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். தலைவராக இருந்த தோல் டாக்டர் விலகப் போகிறார். அவர் கைகாட்டுபவர்தான் அடுத்த தலைவர். பழரசம் கிளாஸ்களைத் துடைத்து அந்த அறை மேஜையில் வைத்துவிட்டு ரொட்டி வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் தங்கை ஏசியை இருபத்தாறுக்கு ஏற்றினாள். கிளாஸ்களை ஓரம் தள்ளி, அதே மேஜையில் குழந்தையைக் கிடத்தி, முதுகு, கழுத்து, அக்குள் என்று பவுடரைக் கொட்டினாள். மூடிய அறை, தூள் புகைபோல எழும்பி நின்றது. குழந்தை தூங்கிவிட்டது.

ரொட்டியும் விருந்தாளிகளும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். அவர் அவசரமாகத் தட்டோடு கிளாஸ்களைக் கூடத்துக்குத் தூக்கிவந்து ரீஸ்லிங்கை ஊற்றினார். டாக்டர் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடினார்.

"வெள்ளைப் பூ," என்றார். "சந்தேகமே இல்ல."

மற்றவர்களுக்கும் உடனே பூ வந்துவிட்டது. ஒருவர் மழையில் நனைந்த கல்லும் இருக்கிறது என்றார். வங்கி மேனேஜர் மட்டும் நெகிழ்ந்துபோய், "என்னமோ எனக்குச் சின்ன வயசு ஞாபகம் வருது சார்," என்றார்.

பழரசமும் முகர்ந்தார். முகம் மாறியது. அறை வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார். முழங்கைவரை வெள்ளையாக நின்றாள். எது தெளிவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரெக்ட் டாக்டர். குளிர்ப் பிரதேசத்துத் திராட்சைக்கு அதுதான் குணம்."

தலைவர் பதவி கிடைத்தது. அடுத்த கூட்டமும் இங்கேதான், இதே ரீஸ்லிங்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் விடைபெற்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவர் அடுப்படியில் எங்கள் பக்கத்தில் நின்றார். தங்கை கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது என்ன பவுடர்?" என்றார் மெதுவாக.

"ரூம் இருபத்தாறுலயே இருக்கட்டும். சொல்றேன்."

"ரீஸ்லிங் கெட்டுப்போயிடும்டி."

"கெடட்டும். அதான் பவுடர் இருக்கே."

உள்ளே மகள் இதையெல்லாம் கேட்டபடிதான் பெட்டியைத் திறந்தாள். பேரனுக்காக இல்லை, பதவிக்காகத்தான் அப்பா இறங்கி வருகிறார் என்று அவளுக்கும் தெரியும். அதற்காகக் கண்ணீர்விட அவளுக்கு நேரமில்லை. பினோ நுவார் பாட்டில்களைக் கீழ்த் தட்டுக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் குழந்தையின் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.