கீது என்னும் குறைபாடு

மெர்லின் டீச்சர் ராயபுரத்தில் பிறந்து திருவொற்றியூரில் இரண்டாம் வகுப்பு நடத்துபவர். கோபம் வந்தால் மட்டும் பாடப்புத்தகத் தமிழ் கழன்று பிறந்த ஊர் வெளியே வந்துவிடும். ஆகவே பயிற்சி முகாம்களில் கோபப்படுவதில்லை என்று மாதாவுக்கு வேண்டுதல்.

அந்தச் சனிக்கிழமை முகாமுக்கு ஒரே கேள்வியோடு போனார். அவர் வகுப்புச் சிறுமி மதிக்குக் காது மந்தம். காதுக் கருவி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது; அதுவரை அவளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது? தாய் கெங்கம்மாவோ தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "வாயே தொறக்காம முழிச்சிக்கினு கீது டீச்சரம்மா. திங்கக்கெழம வந்து இட்டுக்கினு பூடறேன். என்னாண்ட குந்திக்கினு மீனாவது ஆயட்டும்."

பயிற்சியாளர் திலீப், 'சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளை அரவணைத்தல்' என்ற மகத்தான தலைப்பைத் திரையில் ஏற்றினார். மெர்லின் கை தூக்கினார்.

"கேள்விகள் கடைசியில், மேடம். முதலில் பேச்சுக் குறைபாடு. 'இருக்கிறது' என்பதை ஒரு குழந்தை 'கீது' என்றால் ஒலிகள் விடுபடுகின்றன. குறித்துக்கொள்ளுங்கள்."

பக்கத்திலிருந்த எண்ணூர் செங்கொடி டீச்சர் கிசுகிசுத்தார்: "அப்போ எங்க வூட்டுக்காரருக்கும் சர்ட்டிபிகேட் வாங்கிடலாமா மெர்லினு? ரயில்ல சலுகை கெடைக்கும்."

இந்த இலக்கணப்படி காசிமேடு முதல் காட்டுப்பள்ளி வரை குறையற்றவர் திலீப் ஒருவரே. மதியும் தேறிவிடுவாள், அவள்தான் பேசுவதே இல்லையே.

சமோசாவுக்குப் பிறகு மைக் படுத்துவிட்டது. திலீப் திரைக்கே பாடம் நடத்தினார். "கேக்கலை சார்!" என்றார்கள் பின்வரிசையினர். திரும்பாமலே இன்னும் உரக்கக் கத்தினார். மெர்லினின் வேண்டுதல் முறிந்தது.

"இன்னா சார், பேஜாரா கீது! மூஞ்சக் காட்டிப் பேசு சார்! முதுவப் பாத்துக்கினு எங்களுக்கு இன்னா புரியும்?"

அரங்கமே கைதட்டியது. மெர்லின் மட்டும் தட்டவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடி, மதிக்குக் கேட்கட்டுமென்று தினமும் தொண்டை கிழியக் கத்தும் இன்னொரு முதுகு, தன்னுடையதே, அவர் நினைவுக்கு வந்து தொலைத்தது.

கேள்விக்கு நேரம் இருக்கவில்லை. குழுப் புகைப்படத்துக்கு இருந்தது.

திங்களன்று மதியை முன்வரிசைக்கு மாற்றி, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்று, கடல் படமொன்றைக் காட்டினார் மெர்லின்.

"கடலில் என்ன இருக்கிறது?"

மதி உதடுகளையே பார்த்தாள். 'இருக்கிறது' என்னும் அந்த உதட்டசைவை அவள் தன் வீட்டில் யாரிடமும் கண்டதில்லை. மெர்லினுக்குப் பொறுமை போயிற்று.

"அட, கடல்ல இன்னா கீது?"

மதியின் முகம் மலர்ந்தது. "கப்பலு கீது டீச்சர்!"

பயிற்சியின்படி அன்று அவ்வகுப்பில் இரண்டு பேச்சுக் குறைபாடுகள் கண்டறியப்பட்டன. மகளை அழைத்துப்போக வந்து வாசலில் நின்றிருந்த கெங்கம்மா, மூன்றாவதையும் சேர்த்தாள்:

"டீச்சரம்மா, இன்னோரு வாட்டி கேளு. இன்னும் இன்னாலாம் கீதுன்னு சொல்லட்டும்."