எதிராளிக்குப் போட்ட ஓட்டு

ஐயோவாவின் வடமேற்கு மூலையில் சோயா பயிரிடும் ஹார்லன் டைக்ஸ்ட்ரா பிறவிக் குடியரசுக் கட்சிக்காரர். அப்பாவும் அதே கட்சி, தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவரும் அதே கட்சி. குளிர்காலத்தில் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கூடும் வட்டாரக் கட்சிக் கூட்டத்துக்கு வருஷக்கணக்காக அவர்தான் தலைவர். காபி ஆறாமல் பார்த்துக்கொள்ளும் பதவி என்று மனைவி வெர்னா கிண்டல் செய்வாள். ஆனால் மனிதர் அதில்தான் உயிரை வைத்திருந்தார்.

அவர் அரசியல் ரொம்பச் சுருக்கம். அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சரக்கு எந்த நாட்டுக்கும் தடையில்லாமல் போக வேண்டும். இதற்காகத் தொழிற்சங்கக்காரர்களோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசைக் கழித்தார். அந்தச் சங்கக்காரர்களில் ஒருவரின் மகன்தான் வெல்டிங் வேலை பார்க்கும் கோடி ரூலஃப்ஸ். அவனைப் பேசிப் பேசிக் கட்சிக்கு இழுத்து வந்தவரும் ஹார்லன்தான். இந்த வருஷம் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்து நின்றவன் அந்தக் கோடி.

ஹார்லன் எழுந்து வழக்கமான பேச்சைப் பேசினார். "நாம இறக்குமதி வரி போட்டா, பதிலுக்குச் சீனாக்காரன் நம்ம சோயாவை வாங்க மாட்டான். நம்ம கட்சி காலங்காலமா சொல்றது இதுதானே?"

"எந்தக் கட்சி, ஹார்லன்? எதிர்க்கட்சியா? இப்ப வரி போடணும்னு சொல்றதே நம்ம கட்சிதான்!" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கோடி எழுந்தான். "ஹார்லன், உங்க மேல எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனா எங்கப்பா வேலை பார்த்த ஃபேக்டரியை மெக்சிகோவுக்குத் தூக்கிட்டுப் போனப்ப, எல்லாத்தையும் சந்தை பார்த்துக்கும்னு சொன்னீங்க. சந்தை எங்கப்பாவைப் பார்த்துக்கலையே!"

கைதட்டல் அடங்கவே இல்லை. ஹார்லன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். இதையே இவன் அப்பன் ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது, இதே ஆட்கள்தான் கூச்சல் போட்டு அவனை உட்கார வைத்தார்கள். இப்போது மகனுக்குத் தட்டுகிறார்கள். இதில் கட்சி மாறியது யார்? கோடியா, இவர்களா, கட்சியேதானா? பாவம், மனிதருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். போட்டியில் நிற்கிறவன் தன் பெயரைத் தானே எழுதுவது அகம்பாவம் என்பது டைக்ஸ்ட்ரா குடும்பம் போகும் தேவாலயத்தின் கொள்கை. மூப்பர் தேர்தலில்கூட எதிராளி பெயரைத்தான் எழுதுவார்கள். ஹார்லன் கோடியின் பெயரை எழுதினார். கோடி அந்தத் தேவாலயத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். கூச்சமே இல்லாமல் தன் பெயரை எழுதினான்.

ஒரே ஓட்டில் ஹார்லன் தோற்றார்.

கூட்டத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வெர்னா வண்டியில் ஏறியதும் பொரிந்து தள்ளினாள். "உன் பேரை எழுதியிருந்தா இன்னிக்கு நீதான் தலைவர். அறிவிருக்கா உனக்கு?"

"எங்கப்பா ஒருநாளும் அப்படி எழுதினதில்லை."

"உங்கப்பாவை விடு." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அவன் அப்பாவைப் பத்திச் சொன்னப்ப உன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். மரியாதைக்கு எழுதினியா, இல்ல அவன் சொல்றது சரின்னு தோணிடுச்சா?"

மரியாதைக்குத்தான் என்று சொல்ல ஹார்லன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.