எண் தேய்த்த சென்சாரும் ஆறு வயரும்

பழுது பார்ப்பவனுக்கு மிஷின் எதிரியில்லை, தனக்கு முன்னால் அதில் கைவைத்தவன்தான் எதிரி என்பதை இந்தத் தொழிலில் விரலைச் சுட்டுக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை வரை

சிம்பாங் ரெங்கத்தில் காதர் பாய் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் செய்து ஐஸில் வைத்து விற்கும் சிறு தொழிற்சாலை நடத்துகிறார். மாவைத் தட்டையாக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஒரு சென்சார் அளக்கும். அதைப் படிக்கும் பழைய கண்ட்ரோலர் செத்துப்போனது, மாற்று கிடைக்கவில்லை. சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வைத்து ஓட்டிக் காட்டுகிறேன் என்று வாயை விட்டேன். புரோகிராமை சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் எழுதி அனுப்பிவிட்டாள்.

சென்சாரைக் கழற்றினால் ஆறு வயர். மாடல் எண்ணை யாரோ மணல்தாளால் தேய்த்திருந்தார்கள். வாடிக்கையாளர் வேறு ஆளிடம் போகாமலிருக்க நம் ஆட்கள் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். பாய் சொன்னார்: "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன் அண்ணே. ஓடலன்னா மிஷின் பழைய இரும்புக்கு, சரோஜா வீட்டுக்கு."

சரோஜா பன்னிரண்டு வருடமாக அந்த உருளையை ஓட்டுபவர். பக்கத்திலேயே நின்றிருந்தார்.

சூடு மட்டும் வந்தது

மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஆறு வயரும் மூன்று ஜோடியாகப் பிரிந்தன. உள்ளே மூன்று கம்பிச்சுருள். சந்தோஷத்தில் ஒரு ஜோடிக்குப் பேட்டரி மாதிரி நேராக ஐந்து வோல்ட் கொடுத்துவிட்டேன். நடுவிலிருக்கும் இரும்புக் கம்பியை இழுத்தேன், தள்ளினேன். திரையில் பூஜ்யம். அரைமணி கழித்து சரோஜா சென்சாரைத் தொட்டுப் பார்த்தார்.

"அலமாக்! எண்ணு காட்டலன்னாலும் இதுல தோசை ஊத்தலாம்ணே."

பேச்சில்லாத ஆள்

எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவன் செல்வராஜ். லாயாங் லாயாங் ஊரில் ஓர் ஆலையில் எல்லார் முன்னாலும் என்னை "ஆறாங்கிளாஸ்" என்றவன். எட்டு வருடமாக அவனோடு பேச்சில்லை. கல்யாண வீட்டில் எதிரே வந்தால் நான் வேறு பந்தியில் உட்காருவேன்.

வெள்ளிக்கிழமை காலை சரோஜா தன் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் செல்வராஜுக்குப் போன் போட்டேன். எண்ணைத் தேய்த்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். எந்த வயர் எதற்கு என்று மனப்பாடமாகச் சொன்னான். நேர் கரண்டுக்கு அது வாய் திறக்காது, முன்னும் பின்னும் ஆடுகிற ஏசி கரண்டு வேண்டும், அதற்கு சென்சாருக்கும் என் போர்டுக்கும் நடுவில் இன்னொரு போர்டு வேண்டும் என்றான். மதியத்துக்குள் அந்தப் போர்டையும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து நீட்டினான்.

"ஒனக்காக இல்லய்யா. அந்தம்மா தட்டுற ரொட்டியத்தான் எங்க வீட்டுல திங்கிறோம்."

ஏறவேண்டியது இறங்கியது

சனிக்கிழமை காலை திரையில் எண் ஓடியது. கண் கலங்கிவிட்டது எனக்கு. சரோஜா உருளையை அகட்டினார். ஏறவேண்டிய எண் இறங்கியது. புரோகிராமை மாற்றச் சொல்லி மகளைக் கூப்பிடப் போனேன். "ரெண்டு வயர மாத்திப் போட்டா ஆவாதாண்ணே?" என்றார் சரோஜா. கரண்டு கொடுக்கும் இரண்டு வயரை இடம் மாற்றினேன். எண் ஏறியது. மாவு ஒரே கனத்தில் இறங்கியது. பாய் அதை விரலால் தடவிப் பார்த்தார், என் பக்கம் திரும்பவேயில்லை.

"சரோஜா, திங்கக்கெழம சீக்கிரம் வா லா, ஆர்டர் நெறைய கெடக்கு."

இந்தத் தொழிலில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஏராளம், என்ன செய்ய, அதில் பாதிப் பேரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.