ஓனர்ட்ட கேக்கணும்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில் நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் போகிற ரோட்டில்.

எனக்கு ஊர் ராஜபாளையம். பதினாறு வருடம் ஒரு பஞ்சு வியாபாரி வீட்டில் கார் டிரைவராக இருந்தேன். சம்பளம் சரியாக வரும், தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவார், ஆளும் மோசமானவர் இல்லை. ஆனால் எங்கள் வேலையில் ஒரு கொடுமை இருக்கிறது. ஸ்டியரிங் நம் கையில் இருக்கும், போகிற இடம் நம் கையில் இருக்காது. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று வீட்டிலிருந்து போன் வந்தபோது, முதலாளி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலையில் பாதி ஏறியிருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். எங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு உடனே கிளம்பு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, குழந்தை குட்டிகளோடு நடுமலையில் இறங்கி நிற்க முடியுமா என்ன? விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தபோது அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

அதோடு அந்த வேலையில் மனசு ஒட்டவில்லை. ஆனாலும் விடுவதற்குத் தைரியம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நாற்பது வயதுக்கு மேல் மாதச் சம்பளத்தை உதறிவிட்டுச் சொந்தமாக வண்டி வாங்கப்போகிறேன் என்றால் என்னவெல்லாம் சொல்வார்களோ, அத்தனையும் சொன்னார்கள். அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று என் கூடப் பிறந்த தம்பியே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மனைவி மட்டும்தான் என் பக்கம் நின்றாள்.

"வாங்குங்க. இனிமே ஒரு அவசரம்னா ஒருத்தர்ட்டப் போயிக் கேட்டு நிக்க வேண்டாம்லா" என்றாள்.

அப்படித்தான் ஒரு பன்னிரண்டு சீட் வேன் எனக்குச் சொந்தமானது. பழைய வண்டிதான். பெயிண்ட் அடித்து, சீட்டுக்கு உறை மாற்றிப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன்.

வண்டித் தொழிலில் முதல் சவாரியைச் சும்மா எடுக்க மாட்டோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று நல்ல காரியமாகப் பார்த்துத்தான் ஏற்றுவோம். முதலில் ஏறுகிறவர்களைப் பொறுத்துத்தான் வண்டியின் ராசி என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கும் அது உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கண்டவர்களும் கூப்பிட்டபோது போகாமல் காத்திருந்தேன். கடைசியில் மம்சாபுரத்திலிருந்து ஒரு நிச்சயதார்த்தச் சவாரி அமைந்தது. மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவிலில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போகவேண்டும்.

அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு, தேரடிப் பக்கம் வண்டியை நிறுத்திப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முன்னால் பெரிய மாலை கட்டி, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாம் முறையாக நடந்தது. மனைவி பிரசாதத்தை எடுத்துக்கொண்டு கான்சாபுரத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். நான் மம்சாபுரத்துக்கு வண்டியைத் திருப்பினேன். அந்த ரோட்டில் அன்று என்னைப்போல ஒரு ராஜா கிடையாது.

பாதி வழியில் ஒருவர் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், வேட்டி நிறையச் சேறு. ரோட்டை ஒட்டிய தென்னந்தோப்பில், மோட்டார் ரூம் பக்கத்தில், ஒரு அம்மாவைத் தரையில் படுக்கவைத்து இரண்டு பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி. புல் அறுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாராம். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கிறார்கள், வேறு எங்கோ போயிருக்கிறது, வரக் கொஞ்ச நேரம் ஆகுமாம். ஆஸ்பத்திரி வரைக்கும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டார்.

டிரைவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. யாராவது வழியில் கை காட்டினாலோ, கூட ஒரு மூட்டையை ஏற்றச் சொன்னாலோ, யோசிக்கவே மாட்டோம், வாய் தானாகச் சொல்லிவிடும். பதினாறு வருடம் சொன்ன வாய் எனக்கு. அன்றும் சொல்லிவிட்டது.

"ஓனர்ட்ட கேக்கணும் அண்ணாச்சி."

"கேளுங்க தம்பி. போன் போட்டுக் கேளுங்க. வேணும்னா நானும் பேசுதேன்" என்றார் அவர்.

நான் போனையும் கையில் எடுத்துவிட்டேன். யாருக்குப் போடுவது? இந்த வண்டிக்கு ஓனரே நான்தான். போகலாமா என்று கேட்க ஒருவரும் இல்லை, வேண்டாம் என்று சொன்னால் பழியைப் போடவும் ஒருவரும் இல்லை. இதற்காகத்தானே வேலையை விட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். போனைப் பையில் போட்டுக்கொண்டு, தூக்குங்கள் என்றேன்.

நாலு பேராகத் தூக்கி நடுசீட்டில் படுக்கவைத்தோம். வண்டியைத் திருப்பி மிதித்தேன். அவர் கீழே உட்கார்ந்து மனைவியின் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, இந்தா வந்துட்டோம். முழிச்சுக்கோட்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் அந்த அம்மா முனகுவது கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது புருஷன் குரல் மட்டும்தான் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டு போனார்கள். நான் வாசலில் நின்று நிச்சயதார்த்த வீட்டுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நேரம் பார்த்துக் கிளம்பி நிற்கிறவர்கள். வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம், நோயாளி ஏறின வண்டி எங்களுக்கு ஆகாது என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் புருஷன் வெளியே வந்தார். அந்த அம்மா போய்விட்டார் என்று வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்தார், அழவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு என் அப்பா முகம்தான் வந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு ஓடாத வண்டி இந்த அம்மாவுக்கு ஓடியது, ஓடியும் காப்பாற்ற முடியவில்லை. அப்புறம், வீட்டுக்குக் கொண்டுபோக வேறு வண்டி பார்க்க வேண்டாம், நானே வருகிறேன் என்றேன்.

அவர் நிமிர்ந்து வேனைப் பார்த்தார். அதுவரை அவர் வண்டியைச் சரியாகப் பார்த்திருக்கவே இல்லை. மாலையையும் சந்தனத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூச போட்ட வண்டியா தம்பி? இன்னைக்குத்தானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். பதறி எழுந்துவிட்டார். வேண்டவே வேண்டாம், இதில் ஏற்றக் கூடாது என்றார். அதற்குள் வந்து வாசலில் நின்ற ஒரு சொந்தக்காரரிடம், இந்தப் பிள்ளைக்கு வேலை போய்விடும், பாவம் என்றார். பிறகு என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி செத்துக் கால் மணி நேரம்கூட ஆகாத மனுஷன்.

"உங்க ஓனர் நம்பரக் குடுங்க தம்பி. உங்களத் திட்டாம நான் சொல்லுதேன். நான்தான் வம்பா ஏத்தச் சொன்னேன்னு சொல்லிருதேன்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். நான்தான் ஓனர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், என் தொழிலைக் கெடுத்துவிட்டோமே என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டிருப்பார்.

"எங்க ஓனர் நல்லவரு அண்ணாச்சி. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஏத்துங்க" என்றேன்.

அந்த அம்மாவை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு ராஜபாளையம் வந்தேன். நான் வருவதற்கு முன்னாலேயே செய்தி வேன் ஸ்டாண்டுக்கு வந்திருந்தது. முதல் சவாரியே பிணமா என்று கேட்டவர்கள், பரிகாரம் சொன்னவர்கள், வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றவர்கள், எல்லாரும் இருந்தார்கள். அம்மா வீட்டிலிருந்து திரும்பியிருந்த மனைவி மட்டும் அதையெல்லாம் கேட்கவில்லை. என் தலையில் தண்ணீர் ஊற்றும்போது, "மாமா நெனப்பு வந்துருச்சா?" என்றாள். அவள் சொன்ன மாமா, என் அப்பா. அவளும் அழுதாள்.

ஐப்பசி முகூர்த்தம் முழுக்க எனக்குச் சவாரி இல்லை. பஞ்சு வியாபாரி வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன், தெருமுனையோடு திரும்பிவிட்டேன். தையில்தான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. இப்போது ஓடுகிறது, பெரிதாக இல்லை. வீட்டுச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

மம்சாபுரம் பக்கம் போனால் அந்த அண்ணாச்சியை அவ்வப்போது பார்ப்பேன். இளைத்துவிட்டார். தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறாராம். வண்டியைப் பார்த்ததும் எழுந்து வருவார். ஒவ்வொரு முறையும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"ஓனரு சொகமா இருக்காரா தம்பி?"

இருக்கிறார் என்பேன். மகராசன் என்று கையெடுத்துக் கும்பிடுவார். அவரைக் கடந்து வந்த பிறகு ரொம்ப தூரத்துக்கு எனக்கு ரோடு கலங்கித்தான் தெரியும். இன்றைக்கும் வழியில் யாராவது கை காட்டும்போது வாய் வரைக்கும் அந்தப் பழைய வார்த்தை வந்து நிற்கிறது. அதை விழுங்கிக்கொண்டு, அந்த மனுஷன் கும்பிடுகிற ஓனராக ஒரு நாளாவது நான் இருந்துவிட வேண்டுமே என்று பயந்துகொண்டேதான் பிரேக்கை மிதிக்கிறேன்.